இஸ்திரி மேசைக்குப் போன நூல் சேலைகள்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். சட்டை மடிக்கும்போது உள்ளே வைக்கிற அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் எழுதுகிறேன். எங்கள் பட்டறையில் ஓரம் மடங்கிய அட்டைகள் நிறையக் கிடக்கும். அட்டை வழவழப்பாக இருப்பதால் பேனா வழுக்குகிறது. எழுத்து கோணிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரில் ஒருவரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச எனக்கு வராது. பேச வேண்டிய இடத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். இந்த விஷயமும் அப்படி ஞாபகம் வந்ததுதான். என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவளுக்கு என்று எழுதினால் அவளே படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் தாராவியில் ரெடிமேட் துணி தைக்கிற ஒரு பட்டறையில் இஸ்திரி போடுகிறவன். மீசை முளைக்கிற வயதில் அந்த மேசைக்கு முன்னால் நின்றேன். இப்போது மீசை நரைத்துவிட்டது, இன்னும் அதே மேசைதான். மனைவி இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒரே மகள். கோவண்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை டெம்போ ஓட்டுகிறார்.

போன சித்திரை மாதம், வெயில் கொளுத்துகிற நேரத்தில், மகளுக்குத் தலைப்பிரசவம். தாய் இருந்திருந்தால் எல்லாம் அவள் பார்த்திருப்பாள். அவள் இல்லாததால் செம்பூரிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்து கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, “புரானா கப்டா லாவ், காட்டன்” என்று கையை நீட்டினாள். பழைய பருத்தித் துணி வேண்டும் என்கிறாள். அக்கா தன் பைக்குள் கைவிட்டு ஒரு பழைய துண்டை எடுத்துக் கொடுத்தாள். துண்டைப் பார்த்து நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். “பஸ், ஏக்ஹி?” ஒன்றுதானா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வேகமாகக் கீழே இறங்கி, வாசலுக்கு எதிரே இருந்த கடையில் ஒரு செட் வாங்கினேன். சின்ன ஜப்லா, குல்லா, கைக்கு உறை, காலுக்கு உறை. எல்லாம் ரோஸ் நிறம். பளபளவென்று இருந்தது. விரலில் தேய்த்துப் பார்க்காமலே வாங்கினேன். வாழ்நாள் முழுக்கத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தே பிழைத்தவன் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

அக்கா பிளாஸ்டிக் பையைப் பிரித்தாள்.

“ஏல, என்னல இது? திருவிழாவுக்கா எடுத்துட்டு வந்திருக்க?”

“பிள்ளைக்குத்தான்.”

“பச்ச உடம்புல கோடித் துணி போடுவாவளா? அதுவும் இந்தச் சவத்த. தொட்டுப் பாரு, பிளாஸ்டிக் பை இதவிட மெதுவா இருக்கு.”

எங்கள் பக்கத்தில் புதுத் துணியைக் கோடி என்போம். பிறந்த குழந்தைக்குக் கோடி ஆகாது. பல வருஷம் உடுத்தி, துவைத்து, நூல் தளர்ந்த சேலைதான் முதல் துணி. அதிலேதான் குழந்தையைப் பொதிவார்கள், துடைப்பார்கள், தொட்டிலும் கட்டுவார்கள். தாய் வீட்டுச் சேலையாக இருக்க வேண்டும். இது எனக்கும் தெரிந்ததுதான். பெண்கள் பார்த்துக்கொள்ளும் காரியம் என்று மறந்து போயிருந்தேன்.

வார்டுக்குள் என்னை ஒரு நிமிஷம் விட்டார்கள். மகள் களைத்துப் படுத்திருந்தாள். குழந்தை அக்காவின் துண்டுக்குள் முகம் மட்டும் தெரியக் கிடந்தது.

“அப்பா, அம்மா பேட்டியத் தொறந்து பாரு,” என்றாள். பேட்டி என்று அவள் சொல்வது எங்கள் டிரங்குப் பெட்டியை. “அம்மா காட்டன் சேலை எதுனா இருக்கும். தொட்டில் அதுலதான் கட்டணும். நாளைக்கு மறுநாள் டிஸ்சார்ஜ் சொல்லிருக்காங்க.”

“பாக்கிறேம்மா.”

“டென்ஷன் எடுக்காத. சும்மா பாரு.”

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணத்தின்போதுகூட என்னிடம் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்காத பெண். அவள் தாய் இல்லாத வீட்டுக்குக் குழந்தையோடு வரப் போகிறாள். தாய் உடுத்திய துணி ஒன்றாவது அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அதை எப்படியாவது செய்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். மனைவி போன பிறகு அதை நான் அதிகம் தொட்டதில்லை. மேலே கல்யாணப் பட்டு. மடிப்பில் ஜரிகை கறுத்திருந்தது. அதற்குக் கீழே நைலக்ஸ், பாலியஸ்டர், ஜார்ஜெட், பூப்போட்ட சிந்தெடிக். அடுக்கி வைத்தால் நிற்காமல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தன. கடைசி வருஷங்களில் அவள் போட்ட நைட்டிகள் அடியில் இருந்தன. நைட்டிகூடப் பாதி நைலான்தான். ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பார்த்தேன். பெட்டியின் அடித்தகரம் வரை போய்விட்டேன். ஒரு நூல் சேலைகூட இல்லை.

என் துணிகளையும் பார்த்தேன். நாங்கள் சாரம் என்கிற லுங்கியை நான் கட்டி வருஷங்கள் ஆகின்றன. பட்டறையில் மிஞ்சுகிற டிராக் பேண்டுதான் வீட்டில் போடுவது. வேட்டி ஒன்று இருந்தது. இடுப்பில் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்தது. கையில் எடுத்தால் மழைக்கோட்டு மாதிரி விறைப்பு.

தரையில் உட்கார்ந்து யோசித்தேன். அவள் கல்யாணமாகி வந்தபோது பெட்டி நிறைய நூல் சேலைகள் கொண்டு வந்தாளே, அவை எங்கே போயின?

எங்கள் அப்பா காலத்தில் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தார். காக்கி அரை டிராயரும் மில் துணியில் தைத்த கை வைத்த பனியனும்தான் அவர் உடை. அப்போது இந்த ஊரில் மில்கள் ஓடின. அம்மா உடுத்தியது நூல் சேலை. சேலை கிழிந்தால் குறுக்கே வெட்டி, ஓரத்தை நடுவில் வைத்துத் தைத்து மறுபடி உடுத்துவாள். அதற்குப் பிறகு அது பாய்மேல் விரிப்பு. பிறகு தொட்டில். பிறகு குழந்தைக்கு இடுப்புத் துணி. பிறகு அடுப்பில் சட்டி இறக்கப் பிடிதுணி. கடைசியில் தரை துடைக்கிற துணி. அதுவும் நைந்து போன பிறகுதான் குப்பைக்குப் போகும். எங்கள் சந்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பழைய துணிக்கு யாரும் அலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் டெரிலின் சட்டை ஒன்று வாங்கி வந்தார். அதைத் தொட்டுப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர் அதைத் தண்ணீரில் முக்கி, ஒரு உதறு உதறி, ஆணியில் மாட்டினார். நாங்கள் நின்றுகொண்டே அது காய்வதைப் பார்த்தோம். சுருக்கமே இல்லை. பெல்பாட்டம் வந்தது, அது போய் குழாய் பேண்ட் வந்தது, பிறகு சாக்கு மாதிரி தொளதொளப்பு, பிறகு ஜீன்ஸ். வெட்டு மாறிக்கொண்டே இருந்தது, எல்லாரும் அதைப் பேசினார்கள். துணி மாறியதை யாரும் பேசவில்லை. என் கல்யாண போட்டோவில் நான் பாலியஸ்டர் சட்டையும் டெரிகாட்டன் பேண்டும் போட்டு, முகமெல்லாம் வியர்வையாக நிற்கிறேன். பக்கத்தில் அவள் பட்டு உடுத்தி, வியர்க்காமல் நிற்கிறாள்.

அவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். இந்த ஊர் மழையைப் பார்த்ததில்லை. முதல் மழைக்காலத்தில் எங்கள் ஒற்றை அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி நூல் சேலைகளைக் காயப்போட்டோம். சாப்பிடும்போது தட்டில் சொட்டும். பாய் நனையும். நாள் கணக்கில் காயாது. காய்ந்த பிறகும் புழுங்கல் நாற்றம் போகாது. அவள் அந்த ஈரச் சேலையையே உடுத்திக்கொண்டு குழாயடிக்குப் போவாள். ஒருநாள் கைவண்டிக்காரனிடம் நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட நைலக்ஸ் சேலை ஒன்று எடுத்தாள். காலையில் துவைத்தாள். மத்தியானம் உடுத்தினாள்.

“இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே!” என்று சொல்லி, முந்தானையை விரித்துக் காட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அந்த வருஷம் நான் பார்த்ததில்லை. அதனால் நைலக்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அறையில் குடியிருந்து பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அதே சமயம் எங்கள் பட்டறைக்கும் அந்த மாதிரித் துணிதான் வர ஆரம்பித்தது. பருத்தித் துணிக்கு இஸ்திரி போடுவது லேசு. தண்ணீரைத் தெளித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் படிந்துவிடும். இந்தப் புதுத் துணியில் சூடு கொஞ்சம் கூடினால் பளபளவென்று ஒரு திட்டு விழும். இன்னும் கூடினால் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு வழி ஒன்றுதான். நடுவில் ஈரமான பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் பெட்டியை வைக்க வேண்டும். அந்தத் துணி புதிதாக இருந்தால் கஞ்சிப் பசை விடும். பழைய நூல் துணிதான் வேண்டும். பெட்டியின் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். கொஞ்ச காலத்தில் பழுப்பாகி, பிறகு கறுத்து, பொரிந்து போகும். அப்புறம் வேறொன்று.

முதல் சேலையை அவளேதான் எடுத்துக் கொடுத்தாள்.

“நான் எங்க இதக் கட்டப் போறேன்? ஒங்களுக்காவது ஆகட்டும். கொண்டு போங்க.”

அவளே பல்லால் ஓரத்தைக் கடித்து, பர்ரென்று நீளமாகக் கிழித்து, மடித்துப் பையில் வைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. கடைசியாக இருந்தது பச்சை உடம்பில் அரக்குக் கரை போட்ட சேலை. அதில்தான் எங்கள் மகளுக்குத் தொட்டில் கட்டியிருந்தோம். பட்டறை மேசைக்கு மேல்விரிப்புக் கிழிந்துவிட்டது, முழுச்சேலை ஒன்று வேண்டும் என்று நான் சொன்னபோது அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இதுவுமா?”

நான் பேசாமல் நின்றேன். மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. எங்களுக்கு இரண்டாவது குழந்தை இல்லை என்று ஆகியிருந்தது.

“எடுத்துட்டுப் போங்க. இனிமே தொட்டிலா கட்டப் போறோம்?” என்று நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு போய் மேசையில் விரித்து, அடிப்பக்கம் ஆணி அடித்தேன். இன்னொரு தொட்டில் வரும், அது மகளின் குழந்தைக்காக இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் அன்று தோன்றவில்லை.

டிரங்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். தரையில் கிடந்த சேலைகளைப் பார்த்தாள்.

“ஒண்ணுகூட இல்லியால?”

“இல்ல.”

“என் வீட்டுலயும் இல்லடே. இருந்த ஒரு துண்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டேன். அக்கம்பக்கத்துல கேளு.”

கேட்பது என்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஆண்பிள்ளை வாசலில் நின்று, உங்கள் பழைய சேலை இருக்கிறதா என்று பெண்களிடம் எப்படிக் கேட்பது? சந்தில் இறங்கி இரண்டு முறை நடந்தேன். வாசலில் இருந்த பெண்கள் எல்லாரும் நைட்டி போட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டிருந்தார்கள். கொடியில் தொங்கியது லெகின்ஸ், டீ சர்ட், ஸ்கூல் யூனிபார்ம். கேட்டாலும் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டது சௌகரியமாக இருந்தது.

சந்து முனையில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மட்டும் எப்படியோ வாய் திறந்து கேட்டுவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

“காட்டன் கஹாங் மில்தா ஹை, சாச்சா? சப் நைலான், நைலான்!” என்றாள். பருத்தி எங்கே கிடைக்கிறது, எல்லாம் நைலான்தான் என்கிறாள். எப்போதாவது வருகிற பருத்தியும் வண்டி ரிப்பேர்க் கடைக்காரர்களுக்கு எண்ணெய் துடைக்கப் போய்விடுமாம். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு வெள்ளைத் துணியைப் பாதி இழுத்துக் காட்டினாள். யார் வீட்டுத் துணியோ. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அப்போது மாட்டுங்கா ஞாபகம் வந்தது. பட்டறையில் வேலை குறைவாக இருந்த காலத்தில் மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தில் வீடு வீடாகத் துணி வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அங்கே இரண்டாம் மாடியில் ஒரு பாலக்காட்டு மாமி. அவர் வீட்டில் எல்லாமே பருத்தி. கஞ்சி போட்ட எட்டு முழ வேட்டிகள், ஒன்பது கஜப் புடவைகள். மூங்கில் கழியால் உயரக் கொடியில் ஏற்றிக் காயப்போடுவார். அந்த வீட்டில் கட்டாயம் இருக்கும் என்று, மறுநாள் மத்தியானமே வேலையை முடித்துக்கொண்டு ரயில் ஏறிப் போனேன்.

கதவைத் திறந்த மாமிக்கு வயது கூடியிருந்தது. நைட்டி போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் போய்விட்டது.

“அட, நம்ம இஸ்திரிக்காரரா! வாங்கோ, வாங்கோ. எத்தனை வருஷமாச்சு! என்ன விசேஷம்?”

“சும்மாத்தான் வந்தேம்மா.”

“சும்மாவா? மாட்டுங்காவுக்கு யாராவது சும்மா வருவாளா? வெயில்ல வந்திருக்கேள், உக்காருங்கோ.”

மோர் கொடுத்தார். குடித்தேன். கேட்க வந்தது நாக்கு நுனியில் இருந்தது. சேலை என்ற சொல்லை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உங்கள் பழைய புடவை என்று சொன்னால், அவர் உடம்பைப் பற்றிப் பேசுவது மாதிரி ஆகிவிடுமோ என்று தோன்றியது. கொடியைப் பார்த்தேன். மூங்கில் கழி இல்லை. பால்கனிக்குக் கண்ணாடி அடைத்திருந்தார்கள்.

“இப்போ எல்லாம் வாஷிங் மெஷின்தான்,” என்றார் மாமி, நான் பார்ப்பதைப் பார்த்து. “ஒன்பது கஜம் ரெண்டே ரெண்டு வச்சிருக்கேன், ஆவணி அவிட்டத்துக்கும் திவசத்துக்கும். அதுவும் தச்சது. அப்படியே மாட்டிக்கலாம். பாக்கி எல்லாத்தையும் வேலைக்காரி எப்பவோ எடுத்துண்டு போயிட்டா. சரி, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?”

“மகளுக்குப் பொண்ணு பிறந்திருக்கும்மா.”

“அதைச் சொல்லாம மோர் குடிச்சிண்டிருக்கேளே!” என்று எழுந்து உள்ளே போனார். வரும்போது பளபளக்கிற காகிதத்தில் சுற்றிய ஒரு பெட்டி. “பேத்திக்குன்னு வாங்கினது. அவா அமெரிக்காலேர்ந்து வரவேயில்லை. இதைப் போட்டுப் பாருங்கோ, ராஜாத்தி மாதிரி இருப்பா.”

மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். வலைத்துணி அடுக்கு வைத்த கவுன், சாட்டின் நாடா, இடுப்பில் ஒரு பூ. எங்கள் பட்டறையில் நாள் முழுக்க நான் தேய்க்கிற கவுன் இதே மாதிரிதான். எங்கள் பட்டறையில் தைத்ததுதானா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அடுக்குகளை எப்படிப் பிரித்து, எவ்வளவு சூட்டில், நடுவில் நூல் துணி போட்டுத் தேய்க்க வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். நடுவில் போடுகிற அந்தத் துணியைத் தேடித்தான் நான் வந்திருந்தேன். சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

அந்தப் பெஞ்சில் இருக்கும்போதுதான் பச்சைச் சேலை மனதில் வந்தது. மேசையில் விரித்து ஆணி அடித்தேன் என்று சொன்னேன் அல்லவா? அதை நான் எடுக்கவே இல்லை. கறுத்துப்போனபோது அதன்மேல் கம்பளி போட்டேன். கம்பளிமேல் வேறொரு விரிப்பு. அதன்மேல் இன்னொன்று. அப்படியானால் அது இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும்.

ரயிலை விட்டு இறங்கி நேரே பட்டறைக்குப் போனேன். முதலாளி சேட் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்குப் புது விரிப்புப் போடப்போகிறேன் என்றேன். “ஆஜ்ஹி?” என்று கேட்டார். இன்றைக்கேவா என்று. தலையாட்டினேன். போட்டுக்கொள் என்று கையைக் காட்டினார்.

மேசையைக் கவிழ்த்து ஆணிகளைப் பிடுங்கினேன். விரிப்புகள் சூட்டிலும் தண்ணீரிலும் ஒன்றோடொன்று ஒட்டி, அட்டை மாதிரி ஆகியிருந்தன. ஒவ்வொன்றாக உரித்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் மரத்தோடு ஒட்டிக்கொண்டு அது இருந்தது. ஓரத்தில் மடக்கி ஆணி அடித்த பகுதி மட்டும் பச்சை. அரக்குக் கரைகூட அப்படியே தெரிந்தது. நடுப்பகுதி முழுக்க டீத்தூள் நிறம்.

இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் தூக்கினேன். மனைவி கிழிக்கும்போது பர்ரென்று சத்தம் கேட்கும். இது சத்தமே இல்லாமல் என் விரலிலேயே விட்டுப்போனது. இடம் மாற்றிப் பிடித்தேன். அங்கேயும் விட்டது. தரையெல்லாம் பழுப்புத் தூள்.

சேட் பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “க்யா ஹுவா பாய்?” என்ன ஆயிற்று என்று கேட்டார்.

நான் கத்திரியைத் தேடினேன்.

ஓரத்தை மட்டும் கத்திரியால் வெட்டி எடுத்தேன். கையகலத்தில் சில துண்டுகள் தேறின. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுத் துவைத்து, வெந்நீரில் அலசி, உலர்த்தினேன். உலர்ந்த பிறகு தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு மெது. அக்கா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கரை அடையாளம் தெரிந்துவிட்டது.

“இது அவ சேலைல்லா? பிள்ளைக்குத் தொட்டில் கட்டினது?”

“ஆமா.”

“மூக்குத் தொடைக்கத்தாம்ல ஆகும்,” என்றாள். எப்போதும் போல ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. துண்டுகளை நீவி மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மகள் குழந்தையோடு வந்தாள். நான் சமையல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பச்சைச் சேலை என்ன ஆனது என்று அக்காதான் சொன்னாள். மகள் ஒரு பச்சைத் துண்டை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, அந்த நீல நைலக்ஸ் சேலையை உருவினாள்.

“இதுல கட்டலாம்ப்பா.”

“அது சூடும்மா. வழுக்கும்.”

“எனக்கு அம்மான்னா இந்தச் சேலைதான்பா. பச்சை எனக்கு ஞாபகமே இல்ல. அம்மா ஸ்கூலுக்கு வரும்போது இது சரசரன்னு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டா அம்மா வந்துட்டாங்கன்னு தெரியும்.” அவள் கைக்குள் அதைக் கசக்கிக் காட்டினாள். சரசரவென்றது. எனக்கும் கேட்டது. அது என் மனைவி நடக்கிற சத்தம்தான்.

உத்திரத்துக் கொக்கியில் ஸ்பிரிங்கை மாட்டித் தொட்டில் கட்டினோம். முடிச்சு நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வழுக்கியது. அக்கா நடுவில் ஒரு கயிற்றைச் சேர்த்து இறுக்கினாள். பச்சைத் துண்டுகளை அடியில் பரப்பிக் குழந்தையைக் கிடத்தினோம். கொஞ்ச நேரம் தூங்கியது. பிறகு வீரிட்டு அழுதது. எடுத்துப் பார்த்தால் முதுகு முழுக்க வியர்வை. துண்டுகள் விலகி, நைலக்ஸ் பட்ட இடமெல்லாம் பொரிபொரியாகச் சிவந்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மகள் தொட்டிலை அவிழ்த்தாள். சேலையை மடித்து வைக்கும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் என்னிடம் கேட்டது அம்மா சேலையில் அந்த ஒரு தொட்டில்தான்.

அதற்கப்புறம் மாப்பிள்ளை போனில் ஆர்டர் போட்டுப் பருத்தித் துணி வரவழைத்தார். நல்ல துணிதான். ஆனாலும் கோடி. அக்கா அதைத் தினமும் துவைத்தாள். வாசலில் கல்லின் மேல் ஓங்கி ஓங்கி அடிப்பாள்.

“அத்தை, ஜானே தோ, விட்டுடு. கிழிஞ்சிடும்,” என்பாள் மகள்.

“கிழிஞ்சா கிழியட்டும். அடிச்சாவது பழசாக்குறேன். ஒங்கப்பன் தேடுன லெச்சணத்துக்கு இதுதான் வழி.”

குழந்தை அதில்தான் வளர்ந்தது. முதுகில் இருந்த பொரி ஆறிவிட்டது. இப்போது மகள் கோவண்டிக்குத் திரும்பிவிட்டாள். போகும்போது நீலச் சேலையை எடுத்துக்கொண்டாள். பச்சைத் துண்டுகளில் ஒன்றை மட்டும் என்னிடம் விட்டுப் போனாள்.

எனக்கு ஒரு சேலையை ஒதுக்கி வைத்திருக்கத் தெரியவில்லை. இதுவுமா என்று மனைவி கேட்டபோது, இது இருக்கட்டும், வேறு ஏதாவது விரித்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டறையில் சாக்குத்துணி இருந்தது. சொல்ல வேண்டிய நேரத்தில் வழக்கம்போல நான் பேசாமல் நின்றேன். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் பாலியஸ்டர் கவுனில் திட்டு விழாமல் இருக்க, எங்கள் வீட்டு நூல் எல்லாம் அந்த மேசையில் கருகிப்போனது.

மகள் புறப்பட்டுப் போன அந்த வாரத்தில் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு நூல் வேட்டி வாங்கினேன். கடைக்காரர் ஒட்டுகிற வேட்டியை எடுத்துப் போட்டார். வேண்டாம், முழு நூல் என்றேன். அவர் உள்ளே போய்த் தேடிக் கொண்டுவந்தார். வீட்டில் இருக்கும்போது அதைத்தான் கட்டுகிறேன். பட்டறைக்கும் ஒருநாள் கட்டிக்கொண்டு போனேன். தையல்காரப் பையன்கள், “சாச்சா, ஷாதி ஹை க்யா?” என்று கத்தினார்கள். கல்யாணமா என்று. காது சூடானது. ஆனாலும் கழற்றவில்லை. பழசைக் கடையில் வாங்க முடியாது. யாராவது உடுத்தித்தான் ஆக்க வேண்டும். மகளுக்கு இன்னொரு குழந்தை பிறந்தால், அதற்குள் இவை இளகியிருக்கும். அவள் கேட்டது அம்மா உடுத்திய துணி. இது அப்பா உடுத்தியதாக இருக்கும். என்னால் இனி அவ்வளவுதான் முடியும்.

இன்று ஒரு வேட்டியைத் துவைத்து அறைக்குள் கயிற்றில் போட்டிருக்கிறேன். வெளியே மழை விடவில்லை. நான் எழுதுகிற இந்த அட்டையின் மேல் அது அவ்வப்போது சொட்டுகிறது. இன்னும் விறைப்பு போகவில்லை. காயவும் இல்லை.

புரட்டாசி மாதம், முதல் சனிக்கிழமை.